பேரேடு முதல் மின்னேடு வரை

நம் தருமபுரி மாவட்டத்து ஏரிக்கரைகளிலும் வயல்வரப்புகளிலும் நிற்கும் நடுகற்களை அறியாதார் நம்முள் இரார். ஆநிரை மீட்கவும் ஊரைக் காக்கவும் உயிர் ஈந்த வீரனின் உருவைக் கல்லில் செதுக்கி, எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டில் எவர் பொருட்டு எவன் பட்டான் என்பதை வட்டெழுத்தில் பொறித்து நட்டனர் முன்னோர். பல்லவர் காலத்துக் கற்கள் சில 1,400 ஆண்டுகளாக இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கல் நின்றது, எழுத்தும் பெரும்பாலும் அழியவில்லை. ஆயினும் அதைப் படிக்கும் கல்வி இடையிலே அற்றுப்போயிற்று. வேடியப்பன் என்று பெயரிட்டு மாலை சூட்டி வணங்கிய மக்களுக்கு, கல்லில் எழுதியிருப்பது இன்னது என்று தெரியவில்லை. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 1970களில் ஊர் ஊராகச் சென்று படியெடுத்துப் படித்துச் சொன்ன பின்னரே அவ்வீரர் பலரின் பெயர்கள் மீண்டும் வாய்க்கு வந்தன.

மின்னணு ஆவணங்களைப் பற்றி எழுதப் புகுந்தவன் நடுகல்லில் தொடங்குவானேன் என்று வட்டத்து அன்பர்கள் வினவலாம். காரணம் உண்டு. இம்மலருக்காக நம் வட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுக் கவியரங்கத் தொகுப்புகளைத் தேடினோம். அவற்றைக் கணிப்பொறியில் அச்சுக் கோத்துக் கொடுத்த கடைக்காரர் பழைய வன்தட்டு ஒன்றைத் துழாவிக் கோப்புகளைக் கண்டெடுத்துத் தந்தார். மகிழ்ந்தோம். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் பொருளின்றிக் குவிந்து கிடந்தன. கோப்பு இருந்தது, கவிதை இல்லை. பத்தே ஆண்டுகளில் நம் கவிதைகள் வட்டெழுத்துக் கற்களாகிவிட்டன.

அச்சுத் தொழிலில் முதிர்ந்த அன்பர் ஒருவர் அந்தக் குவியலைச் சற்று நேரம் உற்றுப் பார்த்து, இஃது இன்ன எழுத்துரு என்று பெயர் சொன்னார். பெயர் தெரிந்ததும் எழுத்துமாற்றியின் துணையால் பெரும்பகுதி மீண்டது. ஆனால், வட்டத்தைத் தொடங்கியோருள் ஒருவராய், இன்று நம்மிடையே இல்லாத பெரியவர் முதல் கவியரங்கில் பாடியதன் ஒலிப்பதிவு மீளவில்லை. அஃது ஒருவரின் கைப்பேசியில் மட்டும் இருந்தது. அக்கைப்பேசி விலைக்குப் போயிற்று. முதலாவதை மீட்டது ஒருவர் நெஞ்சில் இருந்து மற்றவருக்குச் சொல்லப்பட்ட ஓர் அறிவு. இரண்டாவதை இழந்ததற்குக் காரணம், படி ஒன்று வேறிடத்தில் வை என்று சொல்வார் இல்லாமை. இவ்விரண்டையும் ஒரு தொழிலாகவே செய்து, தம்முள் பகிர்ந்தும் வந்த ஒரு கூட்டத்தார் உளர். அவர்கள் வணிக நிறுவனங்களின் ஆவணக் காப்பாளர்கள். அவர்களின் வரலாற்றை நம் நோக்கில் சொல்வதே இக்கட்டுரை.

துபாசியின் நாட்குறிப்பு

வணிகனின் ஏடு வரலாற்றின் ஏடாக மாறுவதற்குத் தமிழில் ஆனந்தரங்கப் பிள்ளையை விடச் சிறந்த சான்று இல்லை. 1709இல் பிறந்த அவர் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் துபாசியாக விளங்கியவர். கவர்னர் துய்ப்ளேக்கு வலக்கை போன்றவர். தாமே பெருவணிகரும் ஆவார். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வந்த நாள், இறங்கிய சரக்கு, விலைப் பேச்சு, அரண்மனைச் சூழ்ச்சி, போர் ஆகிய யாவும் அன்றாடப் பேச்சுத் தமிழில் பதிந்துள்ளன.

அவர் மறைந்தபின் அந்நாட்குறிப்பு பல்லாண்டு வீட்டோடு கிடந்தது. 1846இல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சு அதிகாரி அதைக் கண்டு தமக்கெனப் படியெடுத்தார். பின்னர் சென்னை அரசு அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளியிட்டது. மூலத்தின் சில பகுதிகள் இன்று நமக்குக் கிட்டாதபோதும் வரலாற்றறிஞர் கையில் அந்நூல் இருப்பதற்கு, படியெடுத்தோரின் கைவருத்தமே காரணம்.

ஏட்டுச் சுவடிகளின் கதையும் இத்தகையதே. பனையோலை பூச்சிக்கும் ஈரத்துக்கும் நெடுங்காலம் தாங்காது. ஆகவே பழுதுபடுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதுவதைக் கடனாகக் கொண்டனர். பெயர்த்தெழுதுவார் அற்ற ஏடுகள் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றோடு போயின. சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் எஞ்சியவற்றைத் தேடி அச்சேற்றினர். 1887இல் முன்னவர் கலித்தொகையையும் பின்னவர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தது தமிழர் மறவாத செய்தி. பெயர்த்தெழுதினால் வாழும்; பெயர்த்தெழுதாவிடின் மாயும் என்னும் இவ்விதி மின்னேட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

போட்டியாளர் கூடிய மன்றம்

பெருந்தொழில் நிறுவனங்கள் தம் பழைய தாள்களை முறையாகக் காக்கத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான். செருமனியின் எஸ்சன் நகரத்து இரும்பாலை நிறுவனமான குருப், 1905இல் தன் காப்பகத்தை நிறுவியது. மறு ஆண்டு கோலோன் நகரில், ஒரு வட்டாரத்தின் பல நிறுவனங்களது ஆவணங்களைச் சேர்த்து வைக்கும் பொதுக் காப்பகம் எழுந்தது. 1934இல் இங்கிலாந்தில் வணிக ஆவணங்களைக் காப்பதற்கென்றே ஒரு மன்றம் தோன்றிற்று. 1948இல் பன்னாட்டு ஆவணக் காப்பக மன்றம் அமைந்தது. வணிகக் காப்பாளர்க்கென ஒரு பிரிவு அதனுள் இயங்கி வருகிறது.

இந்திய மண்ணிலும் இம்மரபு வேரூன்றியது. இந்திய ரிசர்வ் வங்கி 1981இல் தன் காப்பகத்தை அமைத்தது. அது புனேயில் உள்ளது. டாட்டா குழுமத்தின் மையக் காப்பகம் 1991இல் தொடங்கிப் பின்னர் அதே நகருக்குச் சென்றது. 1897இல் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் தன் நூற்றாண்டை ஒட்டிப் பழைய ஆவணங்களைத் திரட்டலாயிற்று. 2006இல் மும்பை விக்ரோலியில் காப்பகம் உருப்பெற்றது.

இங்கே எண்ணிப் பார்க்கத் தக்க வியப்பு ஒன்று உண்டு. ஒரு நிறுவனம் மற்றதற்குத் தன் சரக்கின் செய்முறையைச் சொல்லாது. விலைக் கணக்கைக் காட்டாது. அப்படியிருக்க, அந்நிறுவனங்களின் காப்பாளர்கள் ஓரிடத்தில் கூடி, தாளை எப்படி அடுக்குவது, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது, எந்தப் பெட்டியில் பூச்சி வராது என்று ஒளிவின்றிப் பேசினர். ஒருவர் காப்பகத்தை மற்றவர் சென்று கண்டனர். நேர்ந்த பிழைகளையும் சொல்லினர். ஒருவர் பிழை மற்றவருக்குப் பாடமாயிற்று. பெட்டிக்குள் இருப்பது அவரவர் உடைமை, பெட்டியைக் காக்கும் வகை அனைவர்க்கும் பொது என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது. கைகண்ட மருந்தை மகனுக்கும் சொல்லாது மறைத்து, அம்மருந்தோடு தாமும் மறைந்த வைத்தியர்களை நம் ஊர்ப்புறங்களில் கேள்வியுற்றிருக்கிறோம். அவ்வழக்கத்தோடு இதை ஒப்பிட்டால் இத்தெளிவின் அருமை விளங்கும்.

தோலேடு வாழ்ந்தது, ஒளித்தட்டு தளர்ந்தது

தாள் ஆவணத்தில் இவ்வளவு பேசியவர்களுக்கு மின்னணு ஆவணம் புதிய அச்சத்தைக் கொண்டுவந்தது. அவ்வச்சத்தை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று இங்கிலாந்தில் நேர்ந்தது. 1086இல் அந்நாட்டு மன்னன் எடுத்த நிலக்கணக்கு தோலில் எழுதிய ஏடாக இன்றும் உள்ளது. அதன் 900ஆம் ஆண்டு நிறைவை முன்னிட்டு 1986இல் பி.பி.சி. நிறுவனம், பள்ளி மாணவர் உள்ளிட்ட பல இலக்கம் மக்களைக் கொண்டு நாட்டின் நிலையைப் புதிதாகப் பதிந்து, லேசர் ஒளித்தட்டுகளில் வெளியிட்டது. ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குள் அத்தட்டைப் படிக்கும் கருவிகள் கிடைத்தற்கரியன ஆயின. தோலேட்டைக் கண்ணால் படிக்க முடிந்தது. ஒளித்தட்டைப் படிக்க முடியவில்லை. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கணிப்பொறியைப் போலப் புதிய கணிப்பொறியை நடிக்கச் செய்து, 2002இல் அதை மீண்டும் காணத்தக்கதாக்கினர்.

இதனால் விளங்கியது யாது? மின்னேட்டுக்கு மூவகை நோய்கள் உண்டு. பதிந்த பொருள் பழுதாதல் ஒன்று. அதைப் படிக்கும் கருவி வழக்கொழிதல் இரண்டு. கோப்பின் மொழியை அறிந்த மென்பொருள் மறைதல் மூன்று. இவற்றுள் ஒன்று நேர்ந்தாலும் ஆவணம் ஊமையாகிவிடும்.

இந்நோய்களுக்குத் தனித்தனியே மருந்து தேடினால் எவரும் தாங்கார் என்பதைக் காப்பாளர்கள் விரைவில் கண்டனர். விண்வெளி ஆய்வு அமைப்புகள் தம் செயற்கைக்கோள் தரவுகளைக் காக்கவென வகுத்த ஒரு பொதுமாதிரி 2002இல் வெளிவந்தது. மறு ஆண்டு பன்னாட்டுத் தரமாயிற்று. விண்ணுக்கு வகுத்த அதனை வங்கிகளும் நூலகங்களும் தொழில் நிறுவனங்களும் எடுத்தாண்டன. அதே 2002இல் பிரித்தானியாவில் மின்னணுக் காப்புக்கெனக் கூட்டமைப்பு ஒன்று எழுந்தது; கல்வி நிலையங்களோடு வணிக நிறுவனங்களும் அதில் உறுப்பு வகிக்கின்றன. அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகமோ, இன்ன வகைக் கோப்பு இன்ன மென்பொருளால் ஆனது என்று காட்டும் 'பிரோனம்' என்னும் பதிவேட்டைத் தொகுத்து எவரும் பார்க்கத் திறந்துவைத்தது. நம் அச்சுத்தொழில் அன்பர் எழுத்துருவின் பெயரைச் சொன்னாரே, அந்த நினைவாற்றலை உலகப் பொதுவாக்கிய முயற்சி இது எனலாம்.

எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைக்கும் 'பி.டி.எஃப்/ஏ' என்னும் காப்பு வடிவம் 2005இல் பன்னாட்டுத் தரமாக வந்ததும் இவ்வகைக் கூட்டுச் சிந்தனையின் பயனே. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக நூலகம் 1999இல் தொடங்கிய திட்டமோ, பல படிகள் பல இடங்களில் இருந்தால் பொருள் பிழைக்கும் என்பதையே தன் பெயராகக் கொண்டது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே படியாய் ஒரே கூரையின் கீழ் இருந்தவை மீளவே இல்லை. அந்த இழப்பை அறிந்த ஈழத்தமிழ் ஆர்வலர் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம் ஆயிரக்கணக்கான ஏடுகளை உலகெங்கும் படிக்கக் கிடைக்கச் செய்தது. படி பலவாதலின் அருமையை இதனினும் துயரோடு கற்பிக்கும் பாடம் இல்லை.

ஐந்தொகையும் அந்தாதியும்

படி பல எடுத்தால் போதுமா? படியில் பிழை புகாது என்பதற்கு உறுதி என்ன? காப்பாளர்கள் இதற்கொரு கணக்கு வைத்திருக்கின்றனர். ஒரு கோப்பில் உள்ள எல்லாக் குறிகளையும் ஒரு கணித முறையில் சுருக்கி ஓர் எண்ணாக்கிக் குறித்துக்கொள்வர். ஆண்டுதோறும் மீண்டும் கணக்கிட்டு அவ்வெண் மாறவில்லையெனின் கோப்பும் மாறவில்லை என்று கொள்வர். ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். இதனைச் சரிபார்ப்புத் தொகை எனலாம்.

நம் மண்டிக்காரர்களுக்கு இஃது அயலான செய்தியன்று. பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கூட்டுத்தொகை எழுதி அடுத்த பக்கத் தலையில் கொண்டுபோவதும், முடிவில் ஐந்தொகை எடுத்து வரவு செலவு நேர் நிற்கிறதா என்று காண்பதும் இக்கருத்தின்பாற்பட்டவையே. கவிஞர் பெருமக்களுக்கோ இது மேலும் நெருங்கிய செய்தி. அந்தாதியில் ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாய் வருதலின், இடையில் ஓர் ஏடு உதிர்ந்தால் உடனே தெரிந்துவிடும். 'கட்டு' என்னும் சொல்லில் ஒற்று விழுந்து 'கடு' என்றானால், நேர்நேர் நிரையாகித் தளை தட்டும். படிப்பவன் பிழையை உணர்வான். யாப்பு நம் முன்னோர் வைத்த சரிபார்ப்புத் தொகை. சுவடிப் பதிப்பாசிரியர் பலர் சிதைந்த பாடத்தைத் திருத்த இத்துணையையே நாடினர். உரைநடைக்கும் புதுக்கவிதைக்கும் அக்காப்பு இல்லை. எனவே அவற்றின் படிகளை நாம் இருமடங்கு கவனித்தல் வேண்டும்.

தமிழ் எழுத்தின் தனித்துன்பம்

பிறமொழிக் காப்பாளர் அவ்வளவாக அறியாத துன்பம் ஒன்று தமிழுக்கு நேர்ந்தது. கணிப்பொறி எழுத்தைச் சேமிப்பதில்லை. எழுத்துக்குரிய எண்ணையே சேமிக்கிறது. தொடக்கக் காலத்தில் தமிழ் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் எழுத்துகளைத் தத்தம் விருப்பப்படி அமர்த்தினர். பாமினி என்னும் எழுத்துருவில் ஆங்கில 'எம்' இருக்கும் இடத்தில் 'அ' இருக்கும். வேறொன்றில் அங்கே வேறெழுத்து இருக்கும். எழுத்துரு மாறினால் அம்மாவும் அம்மா அல்லள்.

இக்குழப்பத்தைத் தீர்த்ததும் கூடிப் பேசியதன் பயனே. சிங்கப்பூரில் 1997இலும் சென்னையில் 1999 பிப்ரவரியிலும் கணித்தமிழ் மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு அவ்வாண்டே 'தமிழ்99' விசைப்பலகையையும் 'டாம்', 'டாப்' குறியாக்கங்களையும் அறிவித்தது. மலேசியர், சிங்கப்பூரர், ஈழத்தவர், அமெரிக்க ஐரோப்பியத் தமிழர் எனப் பலர் மின்னஞ்சல் வழியே விவாதித்து 'திஸ்கி' என்னும் குறியாக்கத்தை உருவாக்கினர். 1991இலேயே தமிழுக்கு இடம் தந்திருந்த ஒருங்குறி மெல்லமெல்லப் பரவிற்று. 2010இல் தமிழ்நாடு அரசும் அதைத் தரமாக ஏற்று ஆணையிட்டது.

1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வரலாறு நம் பேசுபொருளுக்குப் பொன்போன்ற சான்று. பல நாட்டுத் தன்னார்வலர் தட்டச்சிட்ட பழந்தமிழ் நூல்கள் முதலில் இணைமதி எழுத்துருவில் வந்தன. பின்பு திஸ்கிக்கு மாறின. அதன்பின் ஒருங்குறிக்கு மாறின. பனையோலை மாற்றி எழுதிய கடனை அவர்கள் கணிப்பொறியில் செய்தனர். பழைய எழுத்துருக்களைப் படித்து ஒருங்குறியாக்கும் எழுத்துமாற்றிகளைச் செய்தோரும் நம் நன்றிக்கு உரியர். சுரதா யாழ்வாணனின் 'பொங்குதமிழ்' அவற்றுள் ஒன்று. விலையின்றிப் பொதுவில் வைக்கப்பட்டது. நம் கவிதைகள் மீண்டது இத்தகையோரின் பகிர்வால்தான்.

ஆயினும் அச்சகங்களில் பக்கம் அமைக்கும் பழைய மென்பொருள்கள் ஒருங்குறித் தமிழை ஏற்காமையால், நாம் ஒருங்குறியில் எழுதி அனுப்புவதும் அங்கே பழைய எழுத்துருவுக்கு மாறிவிடுகிறது. அச்சான நூல் கையில் இருக்க, அதன் கோப்பு வட்டெழுத்தாகிறது.

நம்மூருக்கு வேண்டுவது

2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்துக்குச் சட்ட ஏற்பளித்தது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் கணக்கேடுகளை 8 நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. அதன்பின் வைத்திருப்பார் எவர்? தாள் பேரேடாயின் பரணில் கிடந்தேனும் பேரனுக்குக் கிட்டும். கணிப்பொறிக் கணக்கோ பொறி மாறும் நாளில் சொல்லாமல் போய்விடும்.

நம் வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். மஞ்சளும் மரவள்ளியும் கரும்பும் எந்த ஆண்டில் என்ன விலைக்குப் போயின, வாணியாற்றில் நீர் வந்த ஆண்டில் மண்டிக்கு வந்த மூட்டை எத்தனை, வராத ஆண்டில் எத்தனை குடும்பம் கடன் எழுதியது என்பன யாவும் இன்று கடைகளின் கணிப்பொறிகளில் உள்ளன. கோபாலபுரம் சர்க்கரை ஆலைக்கு வண்டியோட்டியவனின் எடைச்சீட்டும் ஒருநாள் வரலாறாகும். மழை பொய்த்த ஆண்டைப் பாடும் நம் கவிஞனின் பாட்டுக்கு அந்தக் கணக்கே உரை. இரண்டும் ஒருங்கே பிழைத்தால்தான் நம் பேரர்க்கு நம் காலம் விளங்கும்.

ஆகவே நம் வட்டத்தின் முன் நான்கு சிறு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, கவிதை எதுவாயினும் ஒருங்குறியில் ஒரு கோப்பாக வைப்பது. கோப்பின் பெயரிலேயே பாடியவர் பெயரும் நாளும் இருத்தல். இரண்டு, மூன்று படிகள் எடுத்தல். அவற்றுள் ஒன்று வேறூரில் இருத்தல். கவியரங்க ஒலிப்பதிவு எவர் கைப்பேசியிலும் தனித்துக் கிடக்க விடாமை. மூன்று, ஆண்டுக்கொருமுறை, பொங்கலை ஒட்டி, எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்த்தல். திறவாததை அன்றே பெயர்த்தெழுதுதல். நான்கு, அரூரிலும் தருமபுரியிலும் சேலத்திலும் உள்ள இலக்கிய அமைப்புகளோடும், நம் ஊர் வணிகரோடும், அச்சகத்தாரோடும் ஆண்டில் ஒருநாள் அமர்ந்து, எவர் எதை இழந்தார், எதை எப்படி மீட்டார் என்று மறையாது பேசுதல்.

இந்நான்காவதே தலையாயது. முதல் மூன்றும் அதனின்று தாமே விளையும். குருப் நிறுவனத்தின் இரும்பு அவர்களுடையது. டாட்டாவின் கணக்கு அவர்களுடையது. நம் கவிதை நம்முடையது. காக்கும் கலை ஒன்றே எல்லார்க்கும் உரியது.

இம்மலர் அச்சேறும் நாளில் அதன் கோப்பின் முதற்பக்கத்தில் எழுத்துருவின் பெயரையும் ஆண்டையும் குறிக்குமாறு மலர்க்குழுவினரைக் கேட்டிருக்கிறேன். இருபதாம் ஆண்டு மலருக்கு இதைத் திறந்து பார்க்கும் இளைஞன் எவனோ, அவன் நம்மை வேடியப்பனாக்கி வெறுமனே வணங்க வேண்டியதில்லை, படித்தால் போதும்.